கைப்பெட்டியில் பயணம் செய்த தமிழ்

ஒரு மொழியின் வரலாற்றைக் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தேடுவது நம் வழக்கம். அதற்கு அடுத்த காலத்தை அச்சு நூல்களில் தேடுகிறோம். ஆனால், அச்சகத்திற்கும் கணினிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ மூன்று தலைமுறைகளாக நம் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் சங்க அறிக்கைகளையும் சுமந்த ஒரு கருவி உண்டு. அதனை வரலாற்றுப் பொருளாக எண்ணிப் பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலரே. அதுவே தட்டச்சுப்பொறி. அதிலும், கைப்பிடியுள்ள சிறு பெட்டிக்குள் அடங்கி, உரியவர் சென்ற ஊருக்கெல்லாம் உடன் சென்ற சிறுபொறிகளைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

மைசூரில் வாழும் தமிழர்க்கு இச்சிந்தனை பொருத்தமானதே. பழைய எழுத்தைப் பேணுவதில் இந்நகரம் எந்நகரத்திற்கும் இளைத்ததன்று. 1891ஆம் ஆண்டில் இங்குத் தோன்றிய அரசு கீழ்த்திசை நூலகத்தில்தான், தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொணர்ந்து கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்து கௌடலீயரின் பொருள்நூலை ருத்ரபட்டணம் சாமசாஸ்திரியார் 1905ஆம் ஆண்டில் கண்டெடுத்தார். 1909ஆம் ஆண்டில் பதிப்பித்தும் வெளியிட்டார். இந்தியக் கல்வெட்டுத் துறையின் தலைமை அலுவலகம் 1966ஆம் ஆண்டில் உதகையிலிருந்து இங்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் இவ்வூரிலேயே பேணப்பட்டன. 1969ஆம் ஆண்டில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூரில் தொடங்கப் பெற்றது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையமும் 2006ஆம் ஆண்டில் அதன் நிழலில்தான் பிறந்தது. 2008ஆம் ஆண்டில் சென்னைக்குப் பெயர்ந்தது. கல்லுக்கும் ஓலைக்கும் இத்தனை இடமளித்த ஊரில், நம் தந்தையரின் தட்டச்சுப்பொறிகளுக்கு எங்கே இடம்?

இவ்வினாவை நாம் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் காரணமன்று.

ஒரு வீட்டின் இழப்பு

எம் தந்தையார் பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்தபோது அவரிடம் இருந்த பொருள்கள் மூன்று: ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், கருந்துணி ஒட்டிய சிறு பெட்டியில் ஒரு தமிழ்த் தட்டச்சுப்பொறி. பகலில் அலுவலகத்தில் ஆங்கிலம் அடித்த விரல்கள் இரவில் வீட்டில் தமிழ் அடித்தன. ஊரிலுள்ள பாட்டனாருக்குக் கடிதம், அண்டை வீட்டார்க்கு விண்ணப்பம், விழாக் காலத்தில் அழைப்பு என எல்லாம் அப்பொறியிலிருந்தே பிறந்தன. நாங்கள் உறங்கச் செல்லும்போது கேட்ட ஓசையும், வரியின் முடிவில் ஒலித்த மணியும் இன்றும் செவியில் உள்ளன.

அவர் மறைந்தபின் வீடு மாறினோம். உருளை இறுகிக் கல்லாகியிருந்தது. இரண்டு விசைகள் எழவில்லை. பழைய நாளிதழ்களோடு அதனையும் எடைக்குப் போட்டுவிட்டோம். பொறியின் பெயரையோ எண்ணையோ எழுதி வைக்கவில்லை; ஒரு நிழற்படம்கூட எடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஊரில் பாட்டனாரின் பெட்டியைத் திறந்தபோது அவர் காத்து வைத்திருந்த இரு கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ‘ழ’கரம் வரும் இடமெல்லாம் அதன் கால் சற்றே மழுங்கியிருந்தது. ‘தமிழ்’ என்று அவர் அடித்த இடந்தோறும் அக்குறை தெரிந்தது. அப்போதுதான் நாம் எடைக்குப் போட்டது இரும்பை அன்று, ஒரு கையெழுத்தை என்று உணர்ந்தோம். அன்று முதல் பழைய சிறுபொறிகளைத் தேடிப் பார்ப்பதும் அவற்றைப் பற்றிப் படிப்பதும் எம் பழக்கமாயின.

சிறுபொறி தோன்றிய வரலாறு

அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டபர் ஷோல்ஸும் அவர் நண்பர்களும் வகுத்த பொறியை, ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நாளைய பொறிகள் மேசையை விட்டு நகராத பாரமுடையவை. தூக்கிச் செல்லத்தக்க பொறியை ஜார்ஜ் பிளிக்கன்ஸ்டர்பர் என்பார் 1893ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டினார். அவர் பொறியில் தனித்தனி எழுத்துக் கம்பிகள் இல்லை. எழுத்துகள் யாவும் ஒரு சிறு உருளையின் மேல் அமைந்திருந்தன. 1912ஆம் ஆண்டில் வெளிவந்த கொரோனா மூன்றாம் எண் பொறியோ, தாள் செல்லும் மேற்பகுதியை விசைகளின் மேல் மடித்து வைக்கும் அமைப்புடையது. முதல் உலகப் போரில் செய்தியாளர் பலர் அதனைத் தூக்கிச் சென்றனர். ரெமிங்டன் சிறுபொறி 1920ஆம் ஆண்டிலும், சுவிட்சர்லாந்தின் ஹெர்மஸ் பேபி 1935ஆம் ஆண்டிலும், இத்தாலியின் ஆலிவெட்டி லெட்டரா 22 1950ஆம் ஆண்டிலும் தோன்றின. சேகரிப்போர் இன்றும் நாடும் பெயர்கள் இவை.

இவ்வரிசையில் தமிழர் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டிய பெயர் ஒன்றுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தையற்பொறியும் மிதிவண்டியும் செய்துவந்த சைடல் அண்டு நௌமன் என்னும் நிறுவனம், 1900ஆம் ஆண்டளவில் ‘ஐடியல்’ என்னும் மேசைப் பொறியையும், 1910ஆம் ஆண்டில் ‘எரிகா’ என்னும் மடக்குப் பொறியையும் வெளியிட்டது. எரிகாவே அயல்நாட்டுச் சந்தைகளில் ‘பிஜு’ என்னும் பெயரோடு விற்கப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அணிகலன் என்பது பொருள். அந்த அணிகலன் பின்னர்த் தமிழும் பூண்டது.

இருநூற்று நாற்பத்தேழும் நாற்பது சொச்சமும்

தமிழுக்குத் தட்டச்சு அமைப்பது எளிதன்று. ஆங்கிலத்துக்கு வேண்டியவை இருபத்தாறு எழுத்துகள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக ஒரு விசைக்கு இரண்டு வைத்தால் முடிந்தது. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உள்ள பொறியில் இத்தனையையும் அடக்குவது எவ்வாறு?

இங்குத் தமிழெழுத்தின் இயல்பே கைகொடுத்தது. ‘கா’ என்பது ககரமும் காலும். ‘கெ’ என்பது கொம்பும் ககரமும். ‘கொ’ என்பது கொம்பும் ககரமும் காலும். எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளாகப் பிரித்து, உறுப்பொன்றுக்கு ஓர் இடம் தந்தால், எழுபதுக்குச் சற்று மேற்பட்ட குறிகளிலேயே 247ஐயும் எழுதிவிடலாம். ‘கௌ’ எழுதுவதற்கு ளகரமே இரண்டாம் முறை உதவும். உகர ஊகாரங்கள்தாம் பிடிகொடாதவை. கு, சு, டு, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். எனவே மெய்க்குரிய விசையின் கீழ்நிலையில் அகரமேறிய எழுத்தையும், ஷிப்டு அழுத்திய மேல்நிலையில் உகரமேறிய எழுத்தையும் வைத்தனர். ககரத்தின் மேலே ‘கு’, மகரத்தின் மேலே ‘மு’. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘யளனகபக’ என்று முதற்பாடம் அடித்தவர் எவரும் இவ்வடுக்கை மறவார்.

இனி எஞ்சியது புள்ளி. எழுத்தின் பக்கத்தில் நிற்பன காலும் கொம்பும். புள்ளியோ எழுத்தின் தலைமேல் ஏறுவது. பொறியில் ஒரு விசையைத் தட்டியதும் தாள் ஓரெழுத்து அளவு இடப்பக்கம் நகர்ந்துவிடும். பிறகு புள்ளி எவ்வாறு பழைய இடத்தில் விழும்? விடை: புள்ளியை முதலில் அடிப்பது. அவ்விசை தாளில் குறியைப் பதிக்கும். ஆனால் தாளை நகர்த்தாது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அதே இடத்தில், புள்ளியின் கீழ் வந்து அமரும். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேல் வரும் குறிகளுக்குக் கையாண்ட இவ்வுத்தியைத் தமிழில் நகரா விசை என்றனர். இகர ஈகாரக் குறிகளும் இவ்வாறே எழுத்தைத் தேடி முன்னே வந்து காத்து நின்றன. ‘தமிழ்’ என்று அடிக்க ஐந்து தட்டு வேண்டும். தாள் நகர்வதோ மூன்று முறைதான்.

மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்றல் என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். ஓலையில் எழுதியோர், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அச்சுக்கலை அதனை மீட்டது. தட்டச்சுப்பொறியோ, இயங்கும் இரும்பில் அதற்கென்றே ஒரு தனி ஒழுங்கை அமைத்தது. எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தும் ஒரு சோதனைக்கு உள்ளாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நாம் வாழும் கன்னட நாட்டின் எழுத்துக்கு இச்சோதனை இன்னும் கடுமையாக இருந்தது. கன்னடத்தில் ஒற்றை அடுத்து வரும் மெய்யெழுத்து பெரும்பாலும் அதனோடு இணைந்து, அதன் கீழே தொங்கும். மேலே ஒன்று ஏறினால் கீழே ஒன்று இறங்கும் அவ்வெழுத்துக்கு விசைப்பலகை வகுத்துத் தந்த பெருமை கே. அனந்த சுப்பராவ் அவர்களைச் சாரும். அண்டை மொழியார் பட்ட பாட்டையும் அறிந்தால்தான் நம் மொழியின் பாடு நமக்கு விளங்கும்.

முத்தையாவின் தொண்டு

தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுபவர் ர. முத்தையா. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டில் மலேயா நாடு நோக்கிக் கப்பலேறினார். பின்னர்ச் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். ஆங்கிலப் பொறியில் நாள்தோறும் பழகிய அவர் உள்ளத்தில், இஃது ஏன் தமிழுக்கு ஆகாது என்னும் வினா எழுந்தது. எழுத்துகளைப் பிரித்தும் சேர்த்தும், விரல்களுக்கு எட்டும் வண்ணம் அடுக்கியும் அவர் விசைப்பலகையை வகுத்தார். பொறிகளை வார்த்துத் தந்தது டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்டு நௌமன் நிறுவனம். மேசைப் பொறியோடு ‘பிஜு’ என்னும் சிறுபொறியும் தமிழ் பேசத் தொடங்கிற்று.

இச்செய்தியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தமிழுக்குத் தட்டச்சை எண்ணியவர் பிறந்த மண்ணில் இருந்தவரல்லர்; பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்தவர். எண்ணியது சிங்கப்பூர், வார்த்தது ஜெர்மனி, அடித்தது தமிழர் வாழ்ந்த நாடெல்லாம். ஊரில் உள்ளவனுக்கு எழுதவேண்டிய தேவை குறைவு, பேசினால் போதும். ஊரை விட்டு வந்தவனுக்கோ எழுத்தே உறவு. ஆகவேதான் எழுதுகருவியின் அருமை புலம்பெயர்ந்தவனுக்கு முதலில் தெரிந்தது. மைசூரில் தமிழ்ச் சங்கம் கூட்டி மலர் வெளியிடும் நமக்கும் அம்மரபில் பங்குண்டு.

உள்நாட்டுப் பொறிகளும் எழுத்துச் சீர்மையும்

விடுதலைக்குப் பின், பொறிகள் இந்நாட்டிலேயே உருவாயின. கோத்ரெஜ் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் தன் முதல் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. சென்னையில் ராயலா நிறுவனம் ‘ஹால்டா’ பொறிகளைச் செய்தது. ‘பேசிட்’ பொறிகளும் அந்நகரில் உருவாயின. தமிழ்நாட்டின் சிற்றூர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின. லோயர், ஹையர் தேர்வுச் சான்றிதழைக் கையில் ஏந்தியே பல இளைஞரும் பெண்டிரும் பெங்களூருக்கும் மைசூருக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் வண்டியேறினர். இவ்விழாவிற்கு வந்திருக்கும் குடும்பங்களுள் அச்சான்றிதழால் அடுப்பெரிந்த குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இக்கருவியின் பெருமை விளங்கும்.

எழுத்துச் சீர்திருத்தத்தின் வரலாறும் இக்காலத்ததே. ‘ணை, லை, ளை, னை’ ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களையும், ‘ணா, றா, னா’ ஆகியவற்றின் சுழி வடிவங்களையும் மாற்றி, ஏனைய எழுத்துகளைப் போல ஒரு சீராக எழுதும் முறையைப் பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் இதழில் கையாண்டார். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் அம்முறையை ஆணையாக்கியது. ஒகர ஓகார வரிசைகளையும் சேர்த்து மாறிய எழுத்துகள் பதின்மூன்று. வடிவங்கள் குறைந்தால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அச்சீர்திருத்தத்தை ஆதரித்தோர் எடுத்துக் காட்டிய காரணங்களுள் ஒன்று.

பின்னர்க் கணினி வந்தது. தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. ஆயினும் பழைய தட்டச்சில் பழகிய விரல்கள் அதே அடுக்கையே கணினியிலும் தேடின. பொறி மறைந்த பின்னும் அதன் ஒழுங்கு விரல்களில் வாழ்ந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தட்டச்சுப்பொறி செய்வதை நிறுத்தியது. அதே 2009ஆம் ஆண்டில், அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பயன்படுத்திய ஆலிவெட்டி லெட்டரா 32 சிறுபொறி நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தது. அவர் ஐம்பது டாலருக்கு வாங்கிய அப்பொறி 2,54,500 டாலருக்கு விலைபோயிற்று. ஓரிடத்தில் ஆலை மூடப்பட்டது. மற்றோரிடத்தில் பழம்பொறி அரும்பொருளாயிற்று. பயன் முடிந்த இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது போலும்.

சேகரிப்போர் அறியவேண்டுவன

பழம்பொறி சேகரிப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. ஆங்கிலச் சிறுபொறிகள் இலட்சக் கணக்கில் வார்க்கப்பட்டவை. கொரோனா மூன்றாம் எண் பொறி ஒன்று நம் வீட்டில் இல்லையெனினும், உலகில் வேறு ஆயிரம் வீடுகளில் இருக்கும். தமிழெழுத்துத் தாங்கிய பழைய சிறுபொறியோ அத்தகையதன்று. அதனைத் தேடிக் காக்கவேண்டியவர் நாமேயன்றிப் பிறர் அல்லர்.

பொறியொன்று கையில் கிடைத்தால் செய்யவேண்டுவன சில. முதலில் அதன் பெயரையும், சட்டத்தில் பொறித்த வரிசை எண்ணையும் குறித்துக்கொள்க. உருவான ஆண்டைப் பெரும்பாலும் அவ்வெண்ணே சொல்லிவிடும். அடுத்து, புள்ளி விசையைத் தட்டிப் பார்க்க. தாள் நகராது நின்றால் பொறி தமிழுக்கென அமைந்த ஒழுங்கோடு உள்ளது என்று கொள்ளலாம். நகர்ந்தால், எவரோ எழுத்துகளைப் பிற்காலத்தில் மாற்றிப் பற்றவைத்திருக்கக்கூடும். அல்லது உட்பகுதி பழுதுபட்டிருக்கக்கூடும். எழுத்துகள் கம்பியின் நுனியில் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டவை. ஆதலின் அவற்றை மாற்றுவது இயலும்.

மூன்றாவதாக, எண்ணெய் விடும் ஆசையை அடக்குக. தையற்பொறிக்கு விடுவதுபோல் எழுத்துக் கம்பிகள் கூடும் இடத்தில் எண்ணெய் விட்டால், அது தூசியோடு கலந்து பசையாகிக் கம்பிகளை எழவொட்டாமல் செய்யும். அவ்விடம் தூய்மையாகவும் உலர்ந்தும் இருத்தலே நலம். உருளை இறுகியிருந்தால் அதன் பின்னே இரண்டு தாள் வைத்து அடித்தால் எழுத்துகள் தேயா. விசைகளின் கண்ணாடித் தலைகளை வெட்டி மோதிரமும் காதணியும் செய்து விற்போர் கையில் பொறியைக் கொடாதிருப்பது தலையாய கடமை. விசைத்தலை போனால் எழுத்தடுக்கு போயிற்று; எழுத்தடுக்கு போனால் சான்று போயிற்று.

இறுதியாக, ஒரு தாளைச் செருகி, எல்லா விசைகளையும் கீழ்நிலையிலும் மேல்நிலையிலும் ஒருமுறை அடித்து, நாளும் ஊரும் உரியவர் பெயரும் எழுதி, அத்தாளைப் பொறியோடு வைக்க. கல்வெட்டு ஆய்வாளர் கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தட்டி, மை பூசி மைப்படி எடுப்பர். கல் சிதைந்த பின்னும் மைப்படி பேசும். மைசூரில் பல்லாண்டுகள் பேணப்பட்ட அம்மைப்படிகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. நாம் சொல்லும் அவ்வொரு தாள் தட்டச்சுப்பொறியின் மைப்படி. அதனை எடுத்திருந்தால், எம் தந்தையாரின் பொறி எது என்று இன்று உறுதியாகச் சொல்லியிருப்போம்.

நம் கடமை

பொறி இல்லாத வீட்டிலும் கடிதம் இருக்கும். பரணிலுள்ள பெட்டியில், பழைய கோப்பில், திருமண அழைப்புகளின் கட்டில், பாட்டனாரோ தந்தையாரோ தமிழில் அடித்த ஒரு தாளேனும் இருக்கும். அதனை எடுத்துப் பாருங்கள். எந்த எழுத்து மழுங்கியது, எது வரிக்கு மேலே ஏறியது, எது மையில் அடைந்துபோனது என்று காணுங்கள். அவை பிழைகள் அல்ல. ஒரு பொறியின் முகம். அம்முகத்தின் பின்னே, பகலெல்லாம் பிறர் மொழியில் உழைத்துவிட்டு, இரவில் தன் மொழியில் தன் உறவோடு பேச உட்கார்ந்த ஒருவரின் முகமும் தெரியும்.

சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில், உறுப்பினர் வீடுகளிலுள்ள பழம்பொறிகளையும் தட்டச்சுக் கடிதங்களையும் ஒரு நாளேனும் ஒரு மேசையில் வைத்துக் காட்டலாகாதா? பெருஞ்செலவு ஏதும் இல்லை. நம் பிள்ளைகள் புள்ளி விசையை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். தாள் நகராமல் நிற்பதைக் கண்டு, ஏன் என்று வினவட்டும். அவ்வினாவிற்கு விடை சொல்லத் தொடங்கினால், சுண்டிக்குளியும் சிங்கப்பூரும் டிரெஸ்டனும் மைசூரும் ஒரே கதையில் வந்து சேரும்.

எம் வீட்டில் அந்த இரு கடிதங்களும் இப்போது உறையிட்டுப் பேணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றன் இறுதியில் தந்தையார் பாட்டனாருக்கு அடித்திருந்த செய்தி, இங்கு யாவரும் நலம் என்பதே. மழுங்கிய எழுத்திலும் அது தெளிவாகவே படிக்க வருகிறது.